பராக்குக் காட்டும் வேலை

குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது காக்காயைக் காட்டுகிறோம், நாயைக் காட்டுகிறோம். அது வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற நேரத்தில் உருண்டையை உள்ளே தள்ளிவிடுகிறோம். இதற்குப் பராக்குக் காட்டுவது என்று பெயர். பிள்ளை பெற்ற எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் அதையே வேலையாக வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று என்னைத் தவிர இந்தப் புனேயில் வேறு யாரையும் நான் கண்டதில்லை.

காசார்வாடியில் பழைய பம்பாய் ரோட்டை ஒட்டி ஒரு சின்னக் கட்டடம். மேலே குழந்தை டாக்டர் உட்காருகிறார். கீழே பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிற அறை. நான் கீழே. தரை துடைக்கத்தான் முதலில் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் அதே ரோட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. மகன் மகர்பட்டாவில் உயரமான அடுக்குமாடியில் இருக்கிறான். வந்து கூட இருங்கள் என்கிறான். போய் இருந்து பார்த்தேன். லிப்டில் ஏறினால் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை. திரும்பி வந்துவிட்டேன். இங்கே எனக்கு மௌசி என்று பெயர். மராட்டியில் சித்தி என்று அர்த்தம். ஆஸ்பத்திரி வேலை செய்கிற பெண்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தில் மௌசி என்றால் வாட்ச்மேனிலிருந்து டாக்டர் வரை நான் ஒருத்திதான்.

பராக்குக் காட்டுகிற வேலை எனக்கு வந்தது இப்படி. ஒரு நாள் ஒரு குழந்தை நாற்காலியில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அப்பன் ஒரு பக்கம், ஆத்தா ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். நான் மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். துணியைப் பக்கெட்டுக்கு மேலே தூக்கிப் பிழிந்தேன். தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்குப் பிள்ளை கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. இன்னொரு தடவை முக்கிப் பிழிந்தேன். அதற்குள் ஊசி உள்ளே போய் ரத்தமும் வந்துவிட்டது. ரத்தம் எடுக்கிற பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "மௌசி, இனிமே பிள்ளைங்க வந்தா நீங்க இங்கயே நில்லுங்க" என்று மராட்டியில் சொன்னாள். அன்றிலிருந்து தரை துடைக்க வேறொருத்தி வருகிறாள்.

அந்தப் பெண் தளேகாவிலிருந்து லோக்கல் ரயிலில் வருகிறவள். வயது குறைவு, கை சுத்தம். நரம்பைக் கண்ணால் தேட மாட்டாள், விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பாள். அவளுக்கும் எனக்கும் பேச்சே தேவையில்லாத ஒரு பழக்கம் படிந்துவிட்டது. அறையின் ஜன்னலுக்கு வெளியே ரோட்டின் நடுவில் தூண்கள் மேல் மெட்ரோ ஓடுகிறது. அவள் பிள்ளையின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, பஞ்சால் துடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் ரயிலுக்குக் காது கொடுப்பேன். தூரத்தில் ஊங் என்று ஒரு சத்தம் வரும். "அதோ!" என்பேன். பிள்ளையின் தலை திரும்பும். ரயில் ஜன்னலைத் தாண்டுவதற்குள் ஊசி ஏறியிருக்கும். "ஜாலா" என்பாள். முடிந்தது என்று அர்த்தம். இந்த ஊரில் எது முடிந்தாலும் ஜாலாதான்.

ரயில் எப்போதும் நமக்காக வராது. அதற்காக ஒரு துணிப்பை வைத்திருக்கிறேன். கைக்கண்ணாடி, அமுக்கினால் கத்துகிற வாத்து, சாவிக்கொத்தில் தொங்குகிற சின்ன டார்ச், சோப்பு நுரை ஊதுகிற டப்பா. நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். ரத்தம் பிடிக்கிற குழாயில் ஒட்டியிருக்கிற பெயரை என்னால் படிக்க முடியாது, மூடியின் நிறத்தை வைத்துத்தான் எது எது என்று தெரிந்துகொள்வேன். ஆனால் ஒரு பிள்ளை அறைக்குள் காலை வைக்கும்போதே இதற்கு வாத்தா, நுரையா என்று சொல்லிவிடுவேன். மடிக்குழந்தைக்கு வாத்து போதும். நடக்கிற பிள்ளைக்கு நுரை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் வாத்தைக் காட்டினால் நம்மை ஒரு மாதிரி பார்க்கும், அதனிடம் கதை கேட்க வேண்டும். "உங்க டீச்சருக்குக் கோபம் வந்தா என்ன செய்வாங்க, செஞ்சு காட்டு பார்ப்போம்" என்றால் இருக்கிற வலியை எல்லாம் மறந்துவிட்டு டீச்சராக மாறிவிடும். மராட்டியில் கேட்பேன், ஹிந்தியில் கேட்பேன். தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில் கேட்டால் அவை ஹிந்தியில் பதில் சொல்லும்.

வலிக்காது என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன். வலிக்கத்தான் செய்யும். அப்படிச் சொல்கிற தாய்மார்களையும் வாயை மூடச் சொல்லிவிடுவேன்.

போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஐந்து வயது இருக்கும், ரெட்டைப் பின்னல். தாய் நனைந்த குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தம் எடுக்கிற பெண் ஹிந்தியில் ஏதோ கேட்க, இவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கொடைய வாசல்ல சாத்தி வச்சுட்டு வாம்மா" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நீங்க தமிழா பெரிம்மா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். விழுப்புரம் பக்கத்துக்காரி. நான் திருநெல்வேலி. ஊரில் என்றால் ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேலி செய்திருப்போம். புருஷனுக்குத் தளேகாவில் வண்டிச் சாமான் செய்கிற கம்பெனியில் வேலை. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஹிந்தி வரவில்லை, அதற்குள் பிள்ளைக்கு இப்படி ஒரு நோய்.

நோய் என்னவென்றால், மூட்டு வீக்கம். கிழவிகளுக்கு வருகிற மாதிரி அந்தச் சின்னப் பிள்ளைக்கு இரண்டு முட்டியும் வீங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் இருந்திருக்கிறது. மேலே டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது கேட்டது. வீக்கம் வடிந்து பிள்ளை நடந்தது. ஆனால் அந்த மாத்திரை ஈரலைக் கெடுத்தாலும் கெடுக்குமாம். அதனால் மாதா மாதம் ரத்தம் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் அடுத்த மாதத்துக்கு எழுதிக் கொடுப்பார். ரத்தம் பார்க்காமல் ஒரு மாத்திரைகூடத் தர மாட்டேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். மாத்திரை நின்றால் முட்டி பழையபடி வீங்கும். தாய் இதையெல்லாம் ஒரே மூச்சில் என்னிடம் சொன்னாள். எத்தனை நாளாகத் தமிழில் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தாளோ.

முதல் தடவை ஒரு குறையும் இல்லை. பிள்ளையை ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார வைத்தேன். ரயில் வந்தது. "அதோ!" என்றேன். ஜாலா. பிள்ளை கையில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "எப்ப போட்டீங்க?" என்று கேட்டது. நான் அந்தத் தாயைப் பார்த்தேன், எப்படி என் வேலை என்கிற மாதிரி. பார்க்கத்தான் செய்வேன்.

இரண்டாம் மாதம் எல்லாம் தலைகீழ். வாசலில் என்னைக் கண்டதுமே பிள்ளை தாயின் சேலைக்குள் புகுந்துகொண்டது. தூக்கி உட்கார வைத்தால் கட்டை மாதிரி விறைத்தது. பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். உதட்டை உள்ளே மடித்து வாயை இறுக்கி மூடிக்கொண்டது. நுரை ஊதினேன். இன்னும் இறுக்கி மூடியது. ஊசி கையில்தானே போடப்போகிறோம், இவள் எதற்காக வாயை மூடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. ரயில் வந்தபோது "அதோ!" என்றேன். ரயிலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது, திருடனைப் பார்க்கிற மாதிரி. ஊசி உள்ளே போன நேரத்தில் பிள்ளை கையை வெட்டி இழுத்தது. ஊசி நழுவிவிட்டது. ரத்தம் குழாயில் கால்வாசிகூட வரவில்லை. தோலுக்கு அடியில் கசிந்து, முழங்கை மடிப்பில் நீலமாகக் கட்டிக்கொண்டது. ரத்தம் எடுக்கிற பெண் உடனே நிறுத்திவிட்டு, நாளைக்குக் கூட்டி வரச் சொன்னாள்.

நாளைக்கு வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. ரத்தம் எடுக்கிற பெண் என்னிடம், "உங்க ஊர்ப் பொண்ணு எங்க மௌசி?" என்று இரண்டு மூன்று முறை கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

கணபதியைக் கரைத்து, ஊரில் மேளச் சத்தம் அடங்கின வாரத்தில் வந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள் தாய். பிள்ளையின் ஒரு முட்டி பந்து மாதிரி இருந்தது. காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டே இருந்தது.

"நேத்துலேர்ந்து கட்டில உட்டு எறங்கவே மாட்றா பெரிம்மா" என்றாள்.

"போன மாசம் ஏன் வரல்ல?"

"எப்டி வர்றது? கை நீலமா இருந்திச்சே, நீங்களே பாத்தீங்கல்ல. அவரு அதப் பாத்துட்டு, புள்ளயக் கொல்லவா கூட்டிக்கினு போறேன்னு கத்தறாரு. எனுக்கும் மனசு வர்ல. ஊர்லேர்ந்து தைலம் அனுப்பினாங்க. அதத் தேச்சிக்கினு இருந்தேன்."

"தைலத்துக்குக் கேட்டுச்சா?"

அவள் பிள்ளையின் முட்டியைச் சேலைத் தலைப்பால் மூடினாள். மேலே டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் முட்டியைப் பார்த்துவிட்டுத் திட்டவில்லையாம். கீழே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வா, அதைப் பார்த்துவிட்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம் என்று மட்டும் சொன்னாராம். ஆக, அன்றைக்கு அந்தப் பிள்ளை கையைக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் கால் இல்லை.

நான் கிட்டே போனேன். பிள்ளை இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டது.

"மௌசி, நா சாப்ட்டேன். ரெண்டு இட்லி சாப்ட்டேன். பாலு குட்ச்சேன். அம்மாவக் கேளு."

"சரிட்டி, சாப்ட்ட. நல்லதுதான?"

"அப்ப ஊசி வேணாம்ல?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாயைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்லுதா இவ?"

"அது வந்து பெரிம்மா..." என்று இழுத்தாள். "சோறே எறங்காது இவளுக்கு. வெறும் வயித்துல மாத்திர குடுக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. போன வச்சி, ரைம்ஸு போட்டு, அதப் பாக்கறப்ப ஊட்டுவேன். அதுக்கும் அசைய மாட்டான்னா... சும்மா ஒரு பேச்சுக்கு..."

"என்ன பேச்சு?"

"சாப்புடலன்னா மௌசிகிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்னு..."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை பிள்ளைகள் போகும்போது எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போகின்றன. இங்கே ஒருத்தி என் பெயரைச் சொல்லிச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள், அதுவும் ஒரு வேளை இரண்டு வேளை இல்லை, மூன்று வேளையும்.

"ஏம்மா, ஒம் பிள்ள சோறு திங்கதுக்கு நான்தான் கெடச்சேனா? நாட்டுல பூச்சாண்டிக்கா பஞ்சம்?"

"கோச்சிக்காதீங்க பெரிம்மா. மொத தபா வந்துட்டுப் போனப்போ உங்களப் பத்தியே பேசிக்கினு இருந்தா. அதான், உங்க பேரச் சொன்னா கேப்பான்னு..."

"கேட்டாளா?"

"கேட்டா பெரிம்மா. ஒரு மாசம் ஒயுங்கா சாப்ட்டா."

கோபத்திலும் எனக்கு அந்த வாயை மூடிக்கொண்ட கதை விளங்கியது. பராக்கு என்றால் அந்தப் பிள்ளைக்குச் சோறு. யாராவது எதையாவது காட்டினால் அடுத்ததாக வாய்க்குள் ஏதோ வரப்போகிறது. அதைத் தின்னாவிட்டால் மௌசி வருவாள். தின்றுவிட்டு வந்தாலும் மௌசி நிற்கிறாள். அந்த மௌசியே கண்ணாடியைக் காட்டினால் பிள்ளை என்னதான் செய்யும்?

ரத்தம் எடுக்கிற பெண், என்ன நடக்கிறது என்று கேட்டாள். மராட்டியில் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எங்க வீட்ல போலீஸ், மௌசி. பால் குடிக்கலேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்னு எங்க ஆயி சொல்லும். இப்பக்கூட ரோட்டு முனையில போலீஸ் நின்னா வேற பக்கமாச் சுத்திப் போவேன்" என்றாள். ஆயி என்றால் மராட்டியில் அம்மா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மாட்டியிருந்த கையுறையைக் கழற்றினாள். "முதல்ல இதைத் தீர்த்துட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பட்டை கட்ட மாட்டேன்."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருத்தர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் என்றார். ஆகிற நேரம் ஆகும் என்று கதவைச் சாத்தினேன். தாயிடம் திரும்பி, "நீதான சொன்ன? நீயே அவகிட்ட சொல்லு" என்றேன். பிள்ளைக்கு நல்லது என்று யோசித்து அப்படிச் சொல்லவில்லை. என் பெயரைக் கெடுத்தவள் அவள்தானே, அவள் வாயாலேயே சரி பண்ணட்டும் என்றுதான் சொன்னேன்.

தாய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். வழக்கமாக நான் பிள்ளைகளை ஜன்னலைப் பார்க்கத்தான் உட்கார வைப்பேன். அன்றைக்கு அந்த முட்டி மடங்காததால் குறுக்கே, காலை நீட்டிப் படுத்த மாதிரி கிடத்த வேண்டியதாயிற்று. பிள்ளையின் முகம் தாயின் முகத்துக்கு நேரே இருந்தது.

"பாப்பா," என்று ஆரம்பித்தாள். "மௌசி வந்து... சாப்புடலன்னு ஊசி போட மாட்டாங்க. அம்மா சும்மா சொன்னேன்."

"பொய்யா?"

"ம்."

"நீ பொய் சொன்னியா?"

"ஆமாண்டி. பொய்தான்."

பிள்ளை என்னைப் பார்த்தது. நான் முகத்தை ஒன்றும் செய்யாமல் வைத்துக்கொண்டேன்.

"அப்ப எதுக்கு ஊசி?"

தாய் யோசித்தாள். அவளுக்கு இதை யாரும் தமிழில் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளும் பிள்ளைக்குச் சொன்னதில்லை. "முட்டி வலிக்குதில்ல? அதுக்கு மாத்திர இருக்கு. அது உள்ள வேற எதனா கெடுக்குதான்னு டாக்டரு பாக்கணும். ரத்தத்துலதான் அது தெரியும். பாத்துட்டுத்தான் மாத்திர குடுப்பாரு."

"சாப்டலன்னா போட மாட்டாங்களா?"

"அதுக்கெல்லாம் போட மாட்டாங்க."

"சாப்ட்டாலும் போடுவாங்களா?"

தாய் என்னைப் பார்த்தாள். நான் உதவிக்குப் போகவில்லை.

"போடுவாங்க," என்றாள் மெதுவாக. "மாசத்துக்கு ஒரு தபா."

பிள்ளை விரல் விட்டு எதையோ எண்ணியது.

"அப்ப நா எதுக்கு அந்த இட்லியெல்லாம் சாப்ட்டேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். மராட்டிப் பெண்ணுக்கு அதைச் சொன்னதும் அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாய்க்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிள்ளை தன் முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை நீட்டியது. அதற்கு முன்னால் என்னிடம் விரலை ஆட்டி, "மௌசி, நீ ஒண்ணியும் காட்டாத" என்றது.

பையை மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். முழங்கையை மட்டும் தாங்கிப் பிடித்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகு கையில் ஒன்றும் இல்லாமல், வாயில் ஒன்றும் இல்லாமல் நான் நின்றது அன்றைக்குத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

பட்டை கட்டியாயிற்று. ரத்தம் எடுக்கிற பெண் விரலால் தடவி, போன தடவை நீலம் கட்டின இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பார்த்தாள். பஞ்சால் துடைத்தாள். ஊசியின் உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தாய் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கீழ் உதடு துடிக்க ஆரம்பித்தது.

"அம்மா, அயாத."

"அயலடி."

"அயற. அங்க பாரு."

"எங்க?"

"அங்க, ஜன்னலாண்ட. ரயிலு வருது."

ரயில் எதுவும் வரவில்லை. காது கொடுத்து நிற்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? தாய் திரும்பிப் பார்த்தாள்.

"காணோமே."

"வரும். பாத்துக்கினே இரு."

ஊசி உள்ளே போனது. நீட்டியிருந்த காலின் விரல்கள் மடங்கின. "ஸ்ஸ்" என்று பல்லிடுக்கில் ஒரு சத்தம். முழங்கை என் உள்ளங்கையில் ஒரு தரம் துள்ளி, அடங்கியது. சத்தம் கேட்டுத் தாயின் தலை திரும்பப் பார்த்தது. பிள்ளை சும்மா இருந்த கையால் அவள் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் தள்ளியது.

"இங்க பாக்காதன்றேன்ல. ரயிலு என்னா கலரு சொல்லு."

"இன்னும் வர்லியேடி."

"வந்தா என்னா கலரு?"

"தெர்லியே... வெள்ளயா?"

"நல்லா நெனச்சிப் பாரு."

தாய் நிஜமாகவே நினைத்துப் பார்த்தாள். ஊதா மூடிக் குழாய் நிரம்பியது. மஞ்சள் மூடிக் குழாயும் நிரம்பியது. பஞ்சை வைத்து அழுத்தி, "ஜாலா" என்றாள் ரத்தம் எடுக்கிற பெண். அதற்கப்புறம்தான் ரயில் வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். பிள்ளை பார்க்கவில்லை, பிளாஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வலிச்சுதாட்டி?" என்று கேட்டேன்.

"வலிச்சிது" என்றது. பிறகு தாயைக் காட்டி, "அம்மாவுக்கு வலிக்கவேல்ல" என்றது.

அதைச் சொன்ன விதத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நல்லபடியாக ஒரு பிள்ளைக்கு முடித்துக் கொடுத்துவிட்டு, அதன் தாயை நான் பார்ப்பேனே, அதே பார்வை.

ரத்தத்தில் கோளாறு இல்லை என்று வந்தது. டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முட்டி ஒரே நாளில் வடிந்துவிடவில்லை. அடுத்த மாதம் வந்தபோது ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது. அதற்கடுத்த மாதம் சுவர் தேவைப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் குறுக்கே படுத்துக்கொண்டு, தாயின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டுத்தான் கையை நீட்டும். நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு தரம் தாய்க்குப் பதில் அப்பன் வந்தான், பிள்ளையைக் கொல்லவா என்று கத்தினவன். அவனையும் திருப்பிவிட்டது. அவன் ரயில் போய் வெகு நேரம் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு இந்த வித்தை பிடித்துப்போய்விட்டது. மற்றப் பிள்ளைகளிடமும் "ஆயியைப் பார்த்துக்கோ, அவங்க பயப்படுறாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். சிலது கேட்டது. ஒரு வாண்டு தன் அப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, அவர் ரயிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது நாற்காலியிலிருந்து குதித்து வெளியே ஓடிவிட்டது. வாட்ச்மேன் ரோட்டுக்குப் போகிற வழியில் பிடித்து வந்தார். "உங்க வாத்தே மேல், மௌசி" என்றாள். மேல்தான். நான் எப்போது இல்லை என்றேன்?

போன வாரம் வந்தபோது ரத்தம் எடுத்து முடித்த பிறகும் தாய் போகாமல் நின்றாள். "இப்ப எதச் சொல்லிச் சோறு ஊட்றது பெரிம்மா?" என்றாள். "ரெண்டு வாயோட எந்திரிச்சிட்றா. சாப்ட்டாலும் போடுவாங்க, சாப்டலன்னாலும் போடுவாங்கன்னு சட்டம் பேசறா."

"போலீஸச் சொல்லேன்."

"பெரிம்மா! நீங்களா சொல்றீங்க?"

"மாசா மாசம் போலீஸ்கிட்ட அவ கைய நீட்ட வேண்டாம்லா. நீட்டப்போறது எங்கிட்ட. எம் பேர மட்டும் சொல்லாத."

பிள்ளை அதற்குள் மாடிப்படிக்குப் போய்விட்டது. ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பிறகு அடுத்த படியில் ஏறியது. தாய் ஓடிப்போய்த் தூக்கக் கையை நீட்டினாள். வேண்டாம் என்று அவள் கையைத் தட்டிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அறைக்கு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே அடுத்த பிள்ளை கத்த ஆரம்பித்துவிட்டது. மடிக்குழந்தை. நான் பையிலிருந்து வாத்தை எடுத்துக்கொண்டு போனேன்.